கேள்வி எண் பதினான்கு

ஜனவரி 3

வருஷா வருஷம் ஒரு டைரி வாங்குவேன். பிப்ரவரி வந்ததும் மளிகைச் சாமான் எழுதக் கிழித்துவிடுவேன். இந்த டைரியாவது மார்ச் வரை தாக்குப்பிடிக்கட்டும். என் வேலையே மார்ச் 31 வரைதான்.

வேலை இதுதான். கோவில்பட்டியில் எங்கள் பகுதியில் அரசாங்க உதவித்தொகை வாங்கும் பெண்கள் நாற்பது பேர். புருஷன் இல்லாதவர்கள், புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள். இவர்களில் இருபது பேருக்கு ‘வேலை தேடுவது எப்படி’ என்று ஆறு வாரம் வகுப்பு. மீதி இருபது பேருக்கு அடுத்த வருஷம்தான். இரண்டு கூட்டத்தில் எதில் அதிகம் பேருக்கு வேலை கிடைக்கிறது என்று பார்த்தால், வகுப்பால் பயன் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கச் சென்னையில் ஓர் ஆய்வுக் குழு. அவர்களுக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிற ஆள் ஆவுடையம்மாள், எம்.ஏ. பொருளாதாரம், வயது நாற்பத்தொன்று. நானேதான்.

இன்று சமுதாயக் கூடத்தில் குலுக்கல். பிளாஸ்டிக் குடத்தில் சீட்டுப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னோம். பேச்சிக்கனி என்று ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். இரண்டாம் பட்டியல் சீட்டை எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“நம்ம ராசி அம்புட்டுத்தான் தாயி. ரேஷன் கடையிலகூட எனக்கு முன்னால நிக்கிறவளோட சீனி தீந்து போயிரும்.”

கூடமே சிரித்தது. எங்கள் மேலதிகாரி நிகிலன் சார் மட்டும் சிரிக்கவில்லை. இருபத்தேழு வயதுப் பையனுக்கு இவ்வளவு கவலை ஆகாது. என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: “மேடம், கேக்கணும், எழுதணும், கிளம்பணும். யாருக்கும் எந்த யோசனையும் சொல்லக் கூடாது. ‘அப்படியா’ன்னுகூட அழுத்திச் சொல்லாதீங்க. இது நல்லபடியா முடிஞ்சா அடுத்த மாவட்டத்துல ரெண்டு வருஷம் நடத்தப் போறோம். நீங்கதான் சூப்பர்வைசர்.”

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று அழுத்தாமல் ‘அப்படியா’ சொல்லிப் பழகினேன். என் வீட்டுக்காரர் கோமதிநாயகம், மினிபஸ் டிரைவர், எட்டிப் பார்த்துவிட்டு, “காய்ச்சலா?” என்றார்.

ஜனவரி 17

முதல் சுற்று. பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளி, நாற்பது வீடு. படிவத்தில் இருபத்திரண்டு கேள்வி. முக்கியமானது பதினான்கு: ‘கடந்த பதினைந்து நாட்களில் வேலை தேடி எத்தனை இடங்களுக்கு நேரில் சென்றீர்கள்?’ அதன் கீழே பதினான்கு-ஆ: ‘அந்த இடங்களின் பெயர்கள்.’

இரண்டாம் பட்டியல் முழுக்கப் பூஜ்யம். பேச்சிக்கனி வாய் நிறையச் சிரித்துக்கொண்டே, “எங்கயும் போகல தாயி, எங்க போக?” என்றாள். எதிர்வீட்டு மெகருன்னிசா, பன்னிரண்டாவது படித்தவள், முப்பத்து மூன்று வயது. அவளும் பூஜ்யம். “அடுத்த வருஷ வகுப்புல கம்ப்யூட்டரும் சொல்லித் தருவாங்களாமேக்கா, அதுக்குத்தான் காத்திருக்கேன்” என்றாள்.

அழுத்தாமல், “அப்படியா” என்றேன்.

இவர்கள் இருக்கும் மேட்டுத்தெருவுக்குச் சந்தைத் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிஷம். அங்கே பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. சுற்றிப் போனேன்.

ஜனவரி 19

சாப்பிடும்போது கோமதிநாயகம், “ஏப்ரலுக்கு என்ன செய்யப்போற?” என்றார்.

“சூப்பர்வைசர்.”

“சரி, அது கெடைக்கலன்னா? சந்தைத் தெருப் பள்ளிக்கூடத்துல ஜூனுக்குப் பொருளாதார டீச்சர் தேடுறாகளாம். பஸ்ல ரெண்டு டீச்சரம்மா பேசிக்கிட்டாக.”

கத்தரிக்காய் அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 31

முதல் பட்டியல்காரர்களை வகுப்பிலேயே பிடித்தேன். நல்ல மின்விசிறி, பதினோரு மணிக்குச் சுண்டல், டீ. போன் எடுத்து எப்படிப் பேசுவது, முதலாளி கண்ணைப் பார்த்து எப்படிப் பதில் சொல்வது என்று சொல்லித் தருகிறார்கள். அந்தோணியம்மாள் எழுந்து நின்று என்னிடம், “வணக்கம், என் பெயர் அந்தோணியம்மாள், நான் கடின உழைப்பாளி” என்று ஒப்பித்துக் காட்டினாள். அவ்வளவு அழகு.

“எத்தனை இடம் போனீங்க?”

“எங்க போக? வகுப்புக்கு வந்து போகவே நேரம் சரியா இருக்கு.”

இரண்டாம் பட்டியலில் மறுபடியும் பூஜ்யம். ஆனால் பேச்சிக்கனி இந்தத் தடவை சிரிக்கவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள். வெயிலில் வந்திருக்கிறேன் என்று மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பூஜ்யம் போடுவது எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

சந்தைத் தெருவில் நாய்த் தொல்லை அதிகமாம். சுற்றித்தான் போனேன்.

பிப்ரவரி 14

ஆச்சரியம். மெகருன்னிசா, “ஒண்ணுக்கா” என்றாள். கேட்பதற்கு முன்பே பெயரையும் சொன்னாள். பக்கத்து வீட்டில் இரண்டு. அதற்கடுத்த வீட்டில் ஒன்று. மூலை வீட்டு அம்மா அப்போதுதான் வேர்க்க விறுவிறுக்கத் தெருவுக்குள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், “எழுதிக்கோங்க, இப்பத்தான் அரிசி ஆலையில கேட்டுட்டு வாரேன்” என்றாள்.

பேச்சிக்கனி ஒரு ஓட்டல் பெயரைச் சொன்னாள். பாத்திரம் கழுவ ஆள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். “பரவாயில்ல, எழுதிட்டீகள்ல?” என்று படிவத்தை எட்டிப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பூஜ்யம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 28

பேச்சிக்கனிக்கு வேலை கிடைத்துவிட்டது! பெட்ரோல் பங்கில். சேலைக்கு மேலே நீலச் சட்டை மாட்டிக்கொண்டு பைக்குக்குப் பெட்ரோல் அடித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிஷ இடைவேளையில் பேசினோம்.

“எப்படிக் கிடைச்சது?”

“அதை ஏன் கேக்கீக! நேத்து வரைக்கும் ஒரு இடமும் போகல. விடிஞ்சா நீங்க வந்துருவீக. சரி, போற வழியில பங்க் இருக்கே, பேருக்கு ஒண்ணு கேட்டு வைப்போம்னு கேட்டேன். ‘நாளைக்கே வந்துரு’ன்னுட்டாரு. எனக்குத் திக்குனு ஆகிப்போச்சு. வேண்டாம்னும் சொல்ல முடியல.”

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. மெகருன்னிசாவும் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டாள். இரண்டாம் பட்டியலில் மொத்தம் ஆறு பேர்.

முதல் பட்டியலில் இரண்டே பேர். வகுப்பு முடிந்துவிட்டது, ஆனால் யாரும் அசையவில்லை. “சர்ட்டிபிகேட் வரட்டும். லேமினேஷன் போட்டுத் தாரேன்னு சொல்லியிருக்காக. அதக் காட்டாமப் போனா யாரு மதிப்பா?” என்றாள் அந்தோணியம்மாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். படித்த படிப்புக்குத் தாள் கையில் வராமல் வெளியே கிளம்புவது எந்த ஊர் வழக்கம்?

சந்தைத் தெருவில் சாக்கடை அடைப்பு.

மார்ச் 4

நிகிலன் சார் போன் செய்தார். பக்கத்து ஊரிலும் இதே ஆய்வுதான். ஆனால் அங்கே ஆள் இல்லாததால் போனில் கேட்கிறார்கள், அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அங்கே வகுப்புக்குப் போன இருபதில் ஐந்து பேருக்கு வேலை. போகாத இருபதில் ஒருத்திக்கு.

“நியாயமா இருக்கு. உங்க ஊர்ல மட்டும் தலைகீழ். போனவங்க ரெண்டு, போகாதவங்க ஆறு. மேடம், தப்பா நினைக்காதீங்க. ரெண்டாவது பட்டியல்ல யாருக்காவது நீங்க ஏதாவது...”

“ஏதாவதுன்னா?”

“சிபாரிசு. இல்ல, படிவத்தை...”

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. “நாற்பது வீடு வெயில்ல நடக்கிறவ சார் நான். பொய் எழுதுறதா இருந்தா வீட்டுல உக்காந்தே எழுதியிருப்பேன்” என்றேன்.  சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 6

நான் ஒரு மக்கு. பேச்சிக்கனி மோர் கொடுத்தாளே, அன்றே புரிந்திருக்க வேண்டும்.

யாருக்கும் யோசனை சொல்லவில்லை. உண்மை. ஆனால் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒருத்தி குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, எதிரே உட்கார்ந்து, எத்தனை இடம் போனாய் என்று கேட்டால், எத்தனை தடவைதான் பூஜ்யம் சொல்வார்கள்? விருந்தாளி வருகிற நாளில் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற மாதிரி, நான் வருகிற வெள்ளிக்கு முன்னால் நாலு இடம் போய்க் கேட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் அந்தோணியம்மாளுக்கு வெட்கமே இல்லை, வகுப்புக்குப் போனேன் என்று சொல்ல அவளிடம் பதில் இருக்கிறது.

கோளாறு வகுப்பில் இல்லை. கோளாறு நான்.

மார்ச் 9

திரைச்சீலை துவைத்தேன். பரணில் இருந்த பித்தளைப் பாத்திரம் எல்லாம் இறக்கித் தேய்த்தேன்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ‘வகுப்பால் பயன் இல்லை’ என்று இந்த ஊர்க் கணக்கைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அடுத்த வருஷ வகுப்பை நிறுத்திவிடுவார்கள். மெகருன்னிசாவுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது.

சொன்னால் என்ன ஆகும்? வீட்டுக்குப் போய்க் கேட்பதே தப்பு என்றாகும். வீட்டுக்குப் போய்க் கேட்பதுதான் என் வேலை. சூப்பர்வைசரும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

கோமதிநாயகம், “வீடே பளபளன்னு இருக்கே, யாரும் பொண்ணு பாக்க வாராகளா?” என்றார். வாயைக் கிளறாதீர்கள் என்றேன்.

மார்ச் 14

நிகிலன் சாரே வந்துவிட்டார், என்னோடு சுற்றிப் பார்க்க. பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைத் தெருப் பக்கம் திரும்பினார். “அந்தப் பக்கம் வேண்டாம் சார், மாடு முட்டும்” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

மெகருன்னிசா நோன்பு. ஆனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் காபி போட்டு வைத்திருந்தாள். “நீங்க நோன்பா இருக்கும்போது எப்படி?” என்று சார் நெளிந்தார். “வெயில்ல வந்தவங்களுக்குத் தராம இருந்தாத்தான் தப்பு, குடிங்க” என்றாள். குடித்தோம்.

பேச்சிக்கனி நீலச் சட்டையோடு பங்கிலிருந்து வந்தாள். சார் நேராகவே கேட்டார்: “இந்த மேடம் உங்களுக்கு எப்படி உதவி பண்ணாங்க?”

“இவுகளா? உதவியா?” பேச்சிக்கனிக்குக் கோபமே வந்துவிட்டது. “ஒரு வார்த்த சொன்னது கெடையாது தம்பி! ஓட்டல்ல வேண்டாம்னுட்டான்னு நான் அழாத குறையா சொல்றேன், மரக்கட்ட மாதிரி ‘அப்படியா’ங்கறாக. மனசே கெடையாதான்னு நெனச்சேன்.”

“அப்புறம் எப்படி இத்தனை இடம் போனீங்க?”

“எங்க வீட்டுக்காரரு போயி ஒம்பது வருஷம் ஆச்சு. நீ சாப்பிட்டியான்னு கேக்க ஆளு உண்டு. உதவித்தொகை வந்துச்சான்னு கேக்க ஆளு உண்டு. எங்க போன, என்ன செஞ்சன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இந்தம்மா கேட்டாக. ரெண்டு தடவ ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சு. மூணாந்தடவ சொல்ல வாய் வரல. அம்புட்டுத்தான்.”

சார் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன்.

“சார், அடுத்த மாவட்டத்துல வீட்டுக்கு யாரையும் அனுப்பாதீங்க. அனுப்பினா வகுப்பு என்ன செஞ்சுது, வந்து போற ஆள் என்ன செஞ்சாங்கன்னு பிரிக்க முடியாது. போன்கூட வேண்டாம். யாரு வேலையில சேந்தாங்கன்னு உதவித்தொகை ஆபீஸ் கோப்பைப் பாத்தே எடுத்துக்கோங்க.”

“அப்ப உங்க சூப்பர்வைசர் வேலை?”

“தெரியும் சார்.”

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பிறகு, “மன்னிச்சிருங்க மேடம், அன்னைக்குப் போன்ல அப்படிக் கேட்டதுக்கு” என்றார். நல்ல பிள்ளை. காராச்சேவு வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

மார்ச் 28

கடைசிச் சுற்று. போன வாரம் சர்ட்டிபிகேட் வந்துவிட்டது, பளபளவென்று லேமினேஷனோடு. அவ்வளவுதான், முதல் பட்டியல் மொத்தமும் ஊருக்குள் இறங்கிவிட்டது. அந்தோணியம்மாள் ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டாள். “சர்ட்டிபிகேட்ட யாரும் திரும்பிக்கூடப் பாக்கலக்கா. ஆனா கண்ணப் பாத்துப் பேசினேன் பாருங்க, அதுல விழுந்துட்டாரு” என்றாள்.

மேட்டுத்தெருவில் படிவத்தை மூடியதும் பேச்சிக்கனி கேட்டாள்: “ஏப்ரலுக்கு என்ன செய்யப்போறீக?”

“பாக்கணும்.”

“எத்தன இடம் போனீக?”

“கேள்வி நான்தான் கேக்கணும்.”

“ஒரு மாசமா பங்க்ல நிக்கேன். அங்கருந்து பாத்தா சந்தைத் தெரு முக்கு நல்லாத் தெரியும். அதுவரைக்கும் வாரீக, நிக்கீக, அப்புறம் சுத்திப் போறீக. என்ன இருக்கு அங்க?”

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மெகருன்னிசா வாசலில் நின்று என் படிவக் கட்டை எடுத்துக் கொடுத்தாள்.

மார்ச் 31

ரம்ஜான். மெகருன்னிசா பிரியாணி கொடுத்தனுப்பினாள். இன்றோடு வேலை முடிந்தது.

நிகிலன் சார் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் போனில் படித்துக் காட்டினார். வகுப்பால் பயன் உண்டு. வீடு தேடிப் போய்க் கேட்பதாலும் பயன் உண்டு, ஆனால் இதை யாரும் திட்டமிடவில்லை. அடுத்த வருஷம் வகுப்பு நடக்கும், இரண்டாம் பட்டியலுக்கும் உண்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மிச்சப் படிவங்களை எண்ணினேன். ஒன்று குறைகிறது. வெற்றுத் தாள்தானே, பரவாயில்லை என்றார்.

ஏப்ரல் 2

புளி உடைத்தேன்.

ஏப்ரல் 4

வடகம் போட்டேன். காக்காய் விரட்டினேன். எனக்கு இப்போது நேரமே இல்லை.

ஏப்ரல் 8

புளி, வடகம், வத்தல் எல்லாம் முடிந்துவிட்டது. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த பள்ளியை மூடினார்கள். அடுத்த மாதமே சந்தைத் தெருப் பள்ளிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கேள்வி, ‘தேசிய வருமானம் என்றால் என்ன?’ எட்டு வருஷம் பாடம் நடத்தியவள். வாய் திறக்கிறேன், ஒரு சொல் வரவில்லை. நெற்றியெல்லாம் வேர்க்கிறது. ஒருவர் தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே. வெளியே வந்து சந்தைத் தெரு முழுக்க முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு எங்கேயும் போய்க் கேட்கவில்லை. இந்த ஆய்வு வேலைகூடத் தெரிந்தவர் சொல்லி வந்ததுதான். பயம். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 11

சாயங்காலம் நாலு மணிக்குக் கதவு தட்டினார்கள். பேச்சிக்கனி நீலச் சட்டையில். பக்கத்தில் மெகருன்னிசா, கையில் பரீட்சை அட்டை, பேனா. அட்டையில் என் படிவம்! காணாமல் போனது. காபி கொடுத்ததும் ஆரம்பித்தார்கள்.

“உக்காருங்க தாயி” என்று என் வீட்டிலேயே என்னை உட்கார வைத்தாள் பேச்சிக்கனி. “வாசிம்மா.”

“கேள்வி எண் பதினாலு” என்றாள் மெகருன்னிசா. “கடந்த பதினைந்து நாட்களில் வேலை தேடி எத்தனை இடங்களுக்கு நேரில் சென்றீர்கள்?”

சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு” என்றேன்.

“பதினாலு-ஆ. அந்த இடங்களின் பெயர்கள்.”

எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு. முந்தானையைத் திருகினேன். பேச்சிக்கனி அவசரப்படவே இல்லை. கடைசியில் “ஒண்ணுமில்ல” என்றேன்.

“அப்படியா” என்றாள் அவள். மரக்கட்டை மாதிரி. “எழுதும்மா, பூஜ்யம்.”

மெகருன்னிசா எழுதினாள். எவ்வளவு வட்டமாக எழுதுகிறாள்!

“பேச்சி, உங்களுக்குத் தெரியாது, எனக்கு என்னன்னா...”

“தாயி, நாங்க எதுவும் சொல்லக் கூடாது. கேக்கணும், எழுதணும், கெளம்பணும்.” எழுந்துவிட்டாள். “அடுத்து இருபத்தஞ்சாம் தேதி வருவோம். காபி நல்லாருந்துச்சு.”

கோமதிநாயகம் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். காலி டம்ளர்களை எடுத்துப் போய்க் கழுவினார். கேலி செய்யாமல் டம்ளர் கழுவுகிறாரே என்றுதான் பயமாக இருந்தது.

ஏப்ரல் 17

தேசிய வருமானம்: ஒரு நாட்டில் ஓர் ஆண்டில் உற்பத்தியாகும் எல்லாப் பொருட்கள், பணிகள் ஆகியவற்றின் நிகரப் பண மதிப்பு. அரிசி களைந்துகொண்டே பத்து தடவை சொன்னேன்.

ஏப்ரல் 24

நாளை வெள்ளி. மாம்பழக் கலர் சேலைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். போகப்போகிறேன் என்று அர்த்தமில்லை. சேலை கசங்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 25

காலை பத்து மணிக்குச் சந்தைத் தெரு முக்கில் நின்றேன். எதிரே பங்க். நீலச் சட்டை ஒன்று பெட்ரோல் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. பைக்கில் வந்தவர் ஹாரன் அடித்தார். அப்போதும் அது திரும்பவில்லை. வேறு வழி? நடந்தேன்.

பள்ளியில் இப்போது தலைமையாசிரியை ஒரு அம்மா. அன்று இருந்த மூன்று பேரில் ஒருவர்கூட இல்லை. தேசிய வருமானம் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. பத்து தடவை சொன்னது வீண். “கடைசியா என்ன செஞ்சிட்டிருந்தீங்க?” என்றார். கண்ணைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு பட்டியல், குடம், சீட்டு, லேமினேஷன் எல்லாம். அரை மணி நேரம். சிரித்துவிட்டு, “இதையே பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தா என்ன?” என்றார். அடுத்த வாரம் சொல்லி அனுப்புவார்களாம். வந்த சூட்டோடு பக்கத்து டியூஷன் சென்டரிலும் ஏறிக் கேட்டுவிட்டேன்.

நாலு மணிக்கு வந்தார்கள். காபி தயாராக இருந்தது.

“கேள்வி எண் பதினாலு” என்றாள் மெகருன்னிசா.

“ரெண்டு.”

“பதினாலு-ஆ?”

இரண்டு பெயரையும் சொன்னேன். பேச்சிக்கனி முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொள்ள எவ்வளவோ பார்த்தாள். “அப்படியா” என்று ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை. என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இங்கே எழுதி வைக்கிறேன்: சந்தைத் தெருவில் பள்ளம் எதுவும் இல்லை. சாக்கடை அடைப்பும் இல்லை. நாய் ஒன்று இருந்தது. படுத்தே கிடந்தது.